தங்கல் வண்டி

மலைக்குப் போய் வந்த படங்களை நம் வயதுக்காரர்கள் இப்போது கைப்பேசியில் அனுப்பிக்கொள்கிறோம். வாசலூர்பட்டியில் படகுச் சவாரி, அருவிக்கு இறங்கும் படிகள், கொண்டை ஊசி வளைவுகளை மேலிருந்து எடுத்த காட்சி. போன மாதம் ஒருவர் அந்த வளைவுப் படத்தை அனுப்பி, இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது என்று எழுதியிருந்தார். நான் பதில் போடவில்லை. அங்கே இருந்தவள் நான். படத்தில் பாம்புபோல நெளிகிற அந்தச் சாலைதான் எங்களுக்கு இருந்த ஒரே வாசல். அதன் வழியே உள்ளே வருவதும் வெளியே போவதும் பேருந்து மட்டும்தான். பத்து வயதில் ஒரு மழைக்காலம் முழுக்க அந்த வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வழித்தடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். நாமக்கல்லில் ஏறினால் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, பிறகு அடிவாரத்தில் காரவள்ளி. அங்கே எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பழக்கப்பட்டவர்கள் எலுமிச்சம்பழம் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் எழுபது வளைவு. ஒவ்வொன்றுக்கும் சுவரில் எண் எழுதியிருக்கும். எண்ணைப் பார்த்துக்கொண்டே போனாலும் வாந்தி வரும், கண்ணை மூடிக்கொண்டாலும் வரும். சோளக்காடு, செம்மேடு தாண்டி, வாசலூர்பட்டிக்கும் அப்பால் எங்கள் ஊரில் தார் தீர்ந்துபோகும். பேருந்து அங்கே ஒரு பலா மரத்தைச் சுற்றித் திரும்பி, வந்த பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும்.

பகலில் ஒன்று வந்து, ஆளை இறக்கி, ஆளை ஏற்றிக்கொண்டு உடனே திரும்பும். இருட்டும் நேரத்தில் இன்னொன்று வந்து, இரவெல்லாம் பலா மரத்தடியில் நின்று, விடியற்காலையில் இறங்கும். ஓட்டுநரும் நடத்துநரும் அதிலேயே சீட்டுகளில் படுத்துக்கொள்வார்கள். முதல் வண்டிக்கு ஊரில் பகல் வண்டி என்று பெயர். இரண்டாவதற்குத் தங்கல் வண்டி. பிறகு 'வண்டி'யும் உதிர்ந்து வெறும் தங்கல். தங்கல் வந்துருச்சா, தங்கலுக்கு வாழைத்தார் ஏத்தணும், தங்கல்ல போனா ஆஸ்பத்திரிக்கு வெள்ளனே போயிரலாம் என்று பேசுவார்கள். கீழே யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. அங்கே அது கடைசி வண்டி.

அம்மா நர்ஸ். மாற்றலில் மலைக்கு வந்தவள். அப்பா நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் தச்சர். அம்மாவுக்கு அரசாங்கக் குடியிருப்பு கொடுத்திருந்தார்கள். நான் அம்மாவோடு இருந்தேன். அப்பா சனிக்கிழமை வந்து ஞாயிறு பகல் வண்டியில் போவார். இரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது. இரண்டு வருடத்தில் அம்மாவின் பேச்சில் மலைச் சொற்கள் ஏறிவிட்டன. அது அவளுக்கே தெரியாது. எனக்கும் தெரியாது. எங்களுக்கும் கடைசி வண்டி தங்கலாகிவிட்டது. வாரத்தில் ஒரு ராத்திரி வந்துபோகும் அப்பாவுக்கு மட்டும் அது கடைசி வண்டியாகவே இருந்தது.

அந்த ஐப்பசியில் பட்டறையில் வேலை அதிகம். சனிக்கிழமை அரைநாள் விடுவது நின்றுபோனது. அப்பா மதியம் கிளம்ப முடியாமல் இருட்டு வண்டியில் வர ஆரம்பித்தார். ஒரு சனிக்கிழமை பனி இறங்கி முகப்பு விளக்கின் வெளிச்சம் சாலையில் விழவே இல்லையாம். நடத்துநர் டார்ச்சுடன் முன்னால் நடக்க, அவர் பின்னாலேயே வண்டி வளைவு வளைவாக ஊர்ந்திருக்கிறது. அப்பா நனைந்து வந்து, அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. சாப்பிடும்போது பேச்சு என் படிப்புக்குத் திரும்பியது. என்னைக் கீழே கொண்டுபோய் நல்ல பள்ளிக்கூடத்தில் போட வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. என் பிள்ளை என்னோடுதான் என்பது அம்மாவின் கட்சி. குரல் உயரவில்லை, ஆனால் ஞாயிறு முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அப்பா பகல் வண்டியில் ஏறும்போது வழக்கமாகச் சொல்லும் "போயிட்டு வாரேன்" என்பதை என்னிடம் மட்டும் சொன்னார்.

திங்கள் விடியலில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பலா மரத்தடிக்குப் போனாள். தடுப்பூசி மருந்து வரும் பனிக்கட்டிக் குடுவையைக் கீழே அனுப்ப வேண்டும். நடத்துநர் குடுவையை வாங்கி ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைத்தார். அம்மா அவரிடம், "எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு வார்த்த சொல்லிருங்க. இனிமே தங்கல் வேண்டாம்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள். நடத்துநர் தலையாட்டினார். வளைவுகளில் டார்ச் பிடித்து நடந்தவர் அவர். அம்மா எதைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியாதா? பக்கத்தில் நின்ற எனக்கும் தெரிந்தது. இருட்டு வண்டியில் வர வேண்டாம், ஞாயிறு காலை கிளம்பிப் பகல் வண்டியில் வாருங்கள். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு பகல் வண்டியில் அப்பா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

வண்டி வருவதை அது வருவதற்கு வெகு முன்பே கேட்கலாம். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு முறை ஹாரன் கேட்கும், பிறகு நெடுநேரம் ஒன்றும் இருக்காது, பிறகு சட்டென்று பக்கத்தில் எஞ்சின் முனகும். அந்த நடுவில் இருக்கிற அமைதியில்தான் நான் அவரை வண்டிக்குள் உட்கார வைப்பேன். ஜன்னலோரம், மடியில் துணிப்பை. வண்டி நிற்கும். அன்னாசிப்பழக் கூடைகளை வாங்க வந்தவர்கள், சந்தைக்குப் போய்த் திரும்பியவர்கள் எல்லாம் இறங்குவார்கள். பகல் வண்டி நடத்துநர் என்னைப் பார்க்காமல் கூரைமேல் இருக்கும் மூட்டைகளைப் பார்ப்பார்.

மழையோ விடவே இல்லை. உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொண்டது. தீப்பெட்டியை அம்மா அரிசிக்குள் புதைத்து வைத்தாள். துவைத்த பாவாடை கொடியில் கிடந்து காயாமலேயே நாற்றம் பிடித்து மறுபடி தொட்டிக்குப் போகும். மூடுபனி வாசலில் வந்து நின்றால் எதிரே அம்மா வேலை பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையம்கூடத் தெரியாது. அங்கே காத்திருப்பவர்களின் இருமலை வைத்துத்தான் அது அங்கே இருக்கிறது என்று நம்ப வேண்டும். பள்ளிக்கூடத்தில் பாதி நாள் வாத்தியார் வரமாட்டார். வந்தாலும் மற்ற பிள்ளைகள் சாமை அறுப்புக்குப் போயிருப்பார்கள். நானும் கரும்பலகையும்தான்.

அம்மாவிடம் கேட்டேன். வேலை இருக்கும் என்றாள். இன்னொரு முறை கேட்டபோது, "வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னதுக்கு இத்தன ரோசம்" என்று எனக்கில்லாமல் அடுப்புக்குச் சொன்னாள். பெண்டாட்டி தனக்கு உத்தரவு போடுவதா என்று அப்பா கோபித்துக்கொண்டார் என்பது அவள் கணக்கு. கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேருக்குச் சமைத்தாள். பிறகு இரண்டு பேருக்கு உலை வைத்தாள். அந்த அரிசி குறைந்த அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

ஒரு ஞாயிறு நானே பகல் வண்டியில் ஏறி, பின்சீட்டுக்குக் கீழே பலாக்காய்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். நாமக்கல்லில் இறங்கினால் பட்டறைக்கு வழி கேட்டுப் போய்விடலாம். நடத்துநர் சீட்டுப் போட வந்தவர் குனிந்து பார்த்தார். திட்டவில்லை. "எறங்கு சாமி. உங்கம்மாவக் கேக்காம உன்ன ஏத்திட்டுப் போனா, நாளைக்கு எனக்குக் காச்சல்னா மொண்ண ஊசியாப் பாத்துப் போடும்" என்றார். வண்டியே சிரித்தது. அந்தச் சாலையில் என்னைத் தெரியாத ஓட்டுநர் இல்லை, நடத்துநர் இல்லை, ஏறி இறங்கும் ஆள் இல்லை. நர்சம்மா பிள்ளை. ஒரு ஊரே அன்பாக இருந்தால் அதைவிட்டு ஓடவே முடியாது என்பதை அன்று கண்டுகொண்டேன்.

கார்த்திகை பிறந்ததும் ஒரு விடியலில் இறங்கிப்போன தங்கல், வெயில் ஏறுமுன்பே திரும்பி வந்துவிட்டது. நடு மலையில் ஒரு வளைவுக்குக் கீழே மண் சரிந்து சாலையை மூடியிருந்தது. அதே மழையில் தபால் நிலையத்து போன் கம்பியும் அறுந்திருந்தது. ஊரோடு சேர்ந்து அந்தப் பேருந்தும் மேலே மாட்டிக்கொண்டது. எனக்கு ஒருவகையில் சமாதானமாக இருந்தது. என்னை விடாத சாலை இப்போது வண்டியையும் விடவில்லை.

சாமான் வராததால் டீக்கடை மூடியாயிற்று. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் அம்மாதான் சோறு போட்டாள். அன்று சேதி வாங்கிப்போன அதே நடத்துநர் சும்மா இருக்க மாட்டாமல் வெங்காயம் உரிப்பார். "அழுவாதீங்க, ரோடு தொறந்துரும்" என்று ஓட்டுநர் கேலி செய்வார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அம்மா கண்ணாடி ஊசிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர்களை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"ஏனுங்க, அன்னிக்கு நான் சொல்லச் சொன்னத அவருகிட்டச் சொன்னீங்களா?"

"நான் எங்கீங்க பட்டறைக்குப் போறது? பஸ் ஸ்டாண்டு டீக்கடை பாய்கிட்டச் சொன்னனுங்க. அவருதான் எல்லாருக்கும் சொல்றவரு."

"என்னன்னு சொன்னீங்க?"

"நீங்க சொன்னபடியேதான். ஒரு வார்த்த மாத்தலீங்க. இனிமே தங்கல் வேண்டாம்னு நர்சம்மா சொல்லிச்சுன்னு."

அம்மா இடுக்கியால் ஓர் ஊசியை எடுத்தாள். எடுத்தபடியே நின்றாள். "இனிமே தங்கல் வேண்டாம்" என்று மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது முறை சொல்லும்போது அது வேறாக ஒலித்தது. பேருந்து அதிலிருந்து போய்விட்டது. மலையில் வசிக்காத ஒரு காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்று அவளோடு எனக்கும் அப்போதுதான் கேட்டது. இனிமேல் என் வீட்டில் வந்து தங்க வேண்டாம். சண்டை போட்டுப் பேசாமல் போன மறுநாள், மூன்றாம் ஆளிடம் சொல்லி அனுப்பிய வார்த்தை.

ஊசி பாத்திரத்தில் விழுந்து கொதிநீர் தெறித்தது. அம்மா கையை உதறக்கூட இல்லை.

மறுநாள் காலை கம்பவுண்டரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு என்னைக் கிளப்பினாள். சரிவுக்கு மேல்பக்கம் வரை எங்கள் பேருந்து கொண்டுபோய் விட்டது. அங்கே இறங்கி, சாலைப் பணியாளர்கள் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றைக் கடக்க வேண்டும். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முழங்கால்வரை உள்ளே போனது. கீழ்ப்பக்கத்தில் நாமக்கல்லிலிருந்து வந்த இன்னொரு வண்டி நின்றது. காரவள்ளியில் சாலை நேரானபோது எனக்கு மூச்சே அகலமாக வந்தது. காளப்பநாயக்கன்பட்டியில் வெயில் அடித்தது. எத்தனையோ நாளாகக் காயாத என் பாவாடை விளிம்பு வண்டியிலேயே காய்ந்து விறைத்தது. அம்மா இது ஒன்றையும் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பட்டறையில் ஒரு லாரியின் எலும்புக்கூடு நின்றது. அப்பா அதன் மேல் குத்துக்காலிட்டுப் பலகை அறைந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இறங்கினார். தலையெல்லாம் மரத்தூள். முதலில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலில் கூட்டி வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். அம்மா அங்கேயே, ஆட்கள் பார்க்க, தங்கல் என்றால் என்ன என்று சொன்னாள். வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளை போல மூச்சு விடாமல் சொன்னாள். கடைசி வண்டிக்கு மேலே அப்படிப் பேர். அந்த வண்டி வேண்டாம் என்றேன். உங்களை அல்ல.

அப்பா சுத்தியலின் பிடியைத் துடைத்தார்.

"பாய் என்னத் தனியாக் கூப்பிட்டுப் போயிச் சொன்னாரு. மெதுவாச் சொன்னாரு. டீக்குக் காசு வாங்கமாட்டேன்னுட்டாரு. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார்.

அந்த பாயை நான் அப்போது வெறுத்தேன். இன்று நினைக்கும்போது அவர் செய்தது என்ன? ஓர் ஆணிடம் சொல்லக் கூசுகிற செய்தி என்று நம்பி, அதைக் கூச்சத்தோடு சொன்னார். சொற்கள் சரியாகவே வந்து சேர்ந்தன. அவருடைய இரக்கம்தான் அதற்குப் பொருளாகிவிட்டது. வெடுக்கென்று சொல்லியிருந்தால் அப்பா "தங்கல்னா என்னங்க?" என்று திருப்பிக் கேட்டிருப்பார்.

"ஒரு வார்த்த கேட்டு விட்டிருக்கலாம்ல?" என்றாள் அம்மா.

"வேண்டாம்னு சொன்ன எடத்துல என்னன்னு கேக்கறது? ரெண்டு வாரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். வண்டி கிளம்பறதப் பாத்துட்டுத் திரும்பிட்டேன்."

அவர் முகம் கழுவிச் சட்டை மாற்ற வேண்டும் என்று தன் அறைக்குக் கூட்டிப்போனார். அப்பாவின் இடம் என்று நான் மேலே இருந்து கட்டி வைத்திருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டயர்க் கடைக்கு மேலே, ஜன்னல் இல்லாத ஓர் அறை. வேறு இரண்டு ஆட்களின் பாய்கள் சுருட்டி நின்றன. ஒருவர் படுத்தால் மற்றவர் காலை மடக்க வேண்டும். என்னைக் கீழே கொண்டுவந்து எங்கே வைத்திருப்பார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவருடைய பலகைத் தட்டில் ஆரஞ்சு பிஸ்கட் பொட்டலங்கள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. வாராவாரம் எனக்கு வாங்கி வருகிறவை. வராத வாரங்களிலும் வாங்கியிருக்கிறார். அம்மா அதைப் பார்த்தாள். எடுத்து என் பைக்குள் போட்டாள்.

அம்மா அன்றே திரும்பியாக வேண்டும். மேலே வேறு நர்ஸ் கிடையாது. "மண்ணு சரிஞ்ச எடம் வரைக்கும் வந்து விட்டுட்டு வாரேன்" என்று அப்பா கூட வந்தார். பேருந்தில் நான் நடுவில். அவர்கள் பேசியது சாமான் விலை, மழை, என் இருமல். எல்லாம் தெளிவாகிவிட்டதே, பிறகு ஏன் இப்படி என்று எனக்குத் தாங்கவில்லை. அம்மா விளக்கம்தான் சொல்லியிருந்தாள், அவரை வாருங்கள் என்று இன்னும் சொல்லவில்லை. அப்பாவோ அழைக்காத வீட்டுக்குப் போகிறவர் அல்ல. எனக்கு அது அன்று இவ்வளவு ஒழுங்காகத் தெரியாது. சுவரில் வளைவு எண் ஏற ஏற நேரம் குறைந்துகொண்டே வருவது மட்டும் தெரியும்.

சரிவுக்கு வந்தபோது பொழுது இறங்கிவிட்டது. கீழ் வண்டியின் ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தவே இல்லை. அம்மா முதலில் கயிற்றைப் பிடித்து அக்கரைக்குப் போய்விட்டாள். எனக்குக் காலையில் கை கொடுத்தவரே மறுபடி கை கொடுத்தார். நடுவில் வந்தபோது திரும்பிப் பார்த்தேன். அப்பா சேற்றின் விளிம்பில் நின்றார். கையில் ஒன்றும் இல்லை. முன்னால், காத்திருந்த எங்கள் பேருந்தின் அருகில் அம்மா நின்றாள். இரண்டு பக்கமும் மூடுபனி. இரண்டுக்கும் நடுவில் சேற்றில் என் இரண்டு காலும்.

"ஏனுங்க, வாரதுன்னா வாங்க. இருட்டுது" என்று கீழ் ஓட்டுநர் கத்தினார். அப்பா வண்டிப் பக்கம் பாதி திரும்பினார்.

"வந்து தங்குங்க" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் குரல் உயர்த்தாத அம்மா. அந்தச் சத்தத்தில் மண்வெட்டிகள் நின்றன. தலையில் மூட்டையோடு கடக்கக் காத்திருந்தவர்கள் திரும்பினார்கள்.

"என்ன?" என்றார் அப்பா. உண்மையிலேயே கேட்கவில்லையா, இன்னொரு முறை கேட்க விரும்பினாரா என்று பின்னாளில் நான் கேட்டும் அவர் சொல்லவில்லை.

"எங்க கூட ஊட்டுக்கு வந்து தங்குங்கன்னு சொல்றேன்."

மண்வெட்டிக்காரர் ஒருவர், "அதான் கூப்புடறாங்கல்ல, போங்க" என்றார். அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கினார். கயிற்றை அவர் பிடிக்கவில்லை. பின்னால் கீழ் வண்டி பின்னோக்கி நகர்ந்து, திரும்பி, விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போயிற்று.

அன்று பெய்த மழையில் மீதி மண்ணும் இறங்கிக் கயிறு கட்டிய இடம் இல்லாமல் போனது. பல நாள் மேலே வரவும் வழியில்லை, கீழே போகவும் வழியில்லை. பட்டறையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வைத்துவிட்டார்கள் என்பது சாலை திறந்த பிறகு தெரிந்தது. அதை அவர் பெரிதாகப் பேசவில்லை. ஒருவேளை அம்மா கூப்பிட்டபோதே அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

ஆனால் அந்த முதல் மாலை எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. மூன்று பேரும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். வேட்டியின் சேறு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அப்பா, "இனிச் சொல்லி விடறதுக்கு நடுவுல ஆளில்ல. எதுன்னாலும் நேராத்தான் சொல்லிக்கணும்" என்றார்.

"சொல்லுங்க, கேக்கறேன்" என்றாள் அம்மா.

அவர் என் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தார். அவள் விடவில்லை. அன்றைக்கு விட்ட இடத்திலிருந்தே சண்டை தொடங்கியது, இம்முறை குரலும் உயர்ந்தது. நான் நமத்துப்போன பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு கம்பளியை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.